புற்றுநோயைக் காலம் கடந்து கண்டுபிடித்தால் இழப்பீடு கோருவது எப்படி? நுகர்வோர் ஆணையத்துக்குப் புதிதாகச் செல்வோருக்கு

என் அண்ணனுக்கு மலத்துடன் இரத்தம் போனபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் களிம்பும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு மருத்துவமனையில் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்து, அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, நோய் நிணநீர்க் கணுக்கள் வரை பரவியிருந்தது. அதன்பின், பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் உள்ள குறைகளை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்து அதை நடத்தியதில் கற்றுக்கொண்டவற்றை, தமிழ்நாட்டில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. உங்கள் வழக்குக்கு உரிய ஆலோசனையை ஒரு வழக்கறிஞரிடம் பெற்றே ஆகவேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்கவேண்டும் என்பதை இதைப் படித்துவிட்டுப் போனால் தெரிந்துகொள்ளலாம்.

1. புகார் செய்யும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா?

மருத்துவர் நோயைத் தவறவிட்டார் என்பது மட்டும் சட்டத்தின் பார்வையில் கவனக்குறைவு ஆகிவிடாது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர், அன்றைக்கு அவர் முன்னால் இருந்த அறிகுறிகளையும் அறிக்கைகளையும் வைத்து என்ன செய்திருப்பாரோ, அதை இவர் செய்யவில்லை என்று நீங்கள் காட்டவேண்டும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த இந்த அளவுகோலைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளிலிருந்து கையில் வைத்திருப்பார். எல்லாப் பரிசோதனைகளையும் முறையாகச் செய்தும் நோய் பிடிபடவில்லை என்றால், அது வருத்தத்துக்குரியதே தவிர வழக்குக்குரியதல்ல.

வழக்கு நிற்கக்கூடிய சூழல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மார்பில் கட்டி என்று வந்தவருக்கு ஸ்கேனோ ஊசிப் பரிசோதனையோ செய்யாமல் ‘வெறும் கொழுப்புக் கட்டி’ என்று அனுப்பிவிடுவது, வாயில் வாரக்கணக்கில் ஆறாத புண்ணுக்கு பயாப்சி (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுக்காமல் வைட்டமின் மாத்திரை தருவது, சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் தொடர்ந்துவிட்டு நுரையீரல் நிழல் குறையாததைக் கவனிக்காமல் விடுவது, மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தப்போக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது ஆகியவை அவற்றுள் சில. இவை எல்லாவற்றையும்விட வலுவானது, ஆய்வக அறிக்கையில் ‘பயாப்சி பரிந்துரைக்கப்படுகிறது’ என்று அச்சிட்டிருந்தும் அதை நோயாளியிடம் யாரும் சொல்லாமல் விட்ட வழக்கு.

கூடவே இன்னொன்றையும் காட்டவேண்டும்: அந்தத் தாமதத்தால் உங்களுக்கு என்ன மாறியது? முதன்முறை போனபோதே நோய் நான்காம் நிலையில் (பிற உறுப்புகளுக்குப் பரவிய கடைசி நிலை) இருந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு நிறுவிவிட்டால், கவனக்குறைவு மெய்ப்பட்டாலும் இழப்பீடு மிகச் சுருங்கிவிடும், அல்லது கிடைக்காமலே போகலாம். ஆகவே ‘என்ன செய்யத் தவறினார்கள்’, ‘அதனால் என்ன போனது’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் காகிதத்தில் பதில் தேடுவதே இனி வரும் எல்லாப் படிகளின் நோக்கம்.

2. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே ஆவணங்களைப் பெறுங்கள்

வரிசை மாறக்கூடாத படி இது. கோபத்தில் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பிறகு கேஸ் ஷீட் (சிகிச்சையின்போது மருத்துவமனை எழுதிவரும் முழுப் பதிவேடு) கேட்டுப் போனால், ‘கொலனோஸ்கோப்பிக்கு அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார்’ என்ற ஒரு வரி புதிய மையில் அதில் முளைத்திருக்கக்கூடும். முளைத்ததை நிரூபிப்பது கடினம். முளைப்பதற்கு முன்பே நகல் வாங்கிவிடுவது எளிது.

இன்றும் நடைமுறையில் உள்ள 2002ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில்நெறி ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் இந்த 72 மணி நேரக் கணக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு இரண்டு பிரதிகளில் கடிதம் எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்துவையுங்கள்.

பதிவேட்டுப் பிரிவில் ‘எல்லாம் கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லி நீட்டுவது அநேகமாக டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமாகத்தான் இருக்கும். அது மருத்துவமனை தன் வசதிக்கேற்பச் சுருக்கி எழுதியது. உண்மை கிடப்பது கேஸ் ஷீட்டில். எனவே கடிதத்தில் கேட்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்:

- புறநோயாளிச் சீட்டுகள் அனைத்தும், மருத்துவர் கைப்பட எழுதிய குறிப்புகளுடன்
- கேஸ் ஷீட் முழுவதும்: செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டவணை, ஒப்புதல் படிவங்கள் உட்பட
- ஸ்கேன், எக்ஸ்ரே, மேமோகிராம் ஆகியவற்றின் அறிக்கைகளும், அசல் படங்கள் அடங்கிய சி.டி.யும்
- இரத்தப் பரிசோதனை, திசுப் பரிசோதனை அறிக்கைகள்
- திசுவின் பாரஃபின் பிளாக்கும், நுண்ணோக்கியில் பார்க்கத் தயாரித்த கண்ணாடித் தகடுகளும் (ஸ்லைடுகள்)
- கட்டண ரசீதுகள் அனைத்தும்

பாரஃபின் பிளாக்கைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பயாப்சி எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். முதல் ஆய்வகம் ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதிய அதே திசுவை, அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் மறுபடி படிக்கவைத்து ‘இருந்தது’ என்று அறிக்கை பெற முடிந்தால், அதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது. நாளாக நாளாக அது காணாமல் போகும் வாய்ப்பு கூடும் என்பதால் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அரசு மருத்துவமனை ஆவணங்களாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு.

புதிய மருத்துவமனையில் சேர்க்கும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் ஒன்று. அங்கே பயிற்சி மருத்துவர் ‘எத்தனை நாளா இருக்கு?’ என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். பதற்றத்தில் உடன் வந்தவர் யாராவது ‘அது ரெண்டு மூணு வருஷமாவே இருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிட்டால், ‘இவர்கள் எங்களிடம் வருவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறார்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதிட அந்த ஒரு வரி போதும். அறிகுறி எந்த மாதம் தொடங்கியது, முதலில் யாரிடம் போனோம் என்பதை விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும்.

3. தேதிவாரிப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்

தேதி, அன்றைய அறிகுறி, பார்த்த மருத்துவர், அவர் சொன்னது, செய்த பரிசோதனை, அதற்கான ஆவணம் என்று ஆறு பத்திகள் போதும். அண்ணனின் ஓ.பி. சீட்டுகளை வரிசையாக அடுக்கியபோதுதான், ஒவ்வொன்றிலும் ‘மலத்துடன் இரத்தம்’ என்ற புகார் எழுதப்பட்டிருப்பதும், ஆசனவாய்ப் பரிசோதனைக்கான இடம் எல்லாச் சீட்டிலும் வெறுமையாகவே இருப்பதும் கண்ணில் பட்டது. விரலால் செய்யும் அந்தச் சோதனைக்குக் கருவியும் தேவையில்லை, செலவும் இல்லை. எங்கள் புகாரின் நடுநாயகமாக அமைந்தது அந்த வெற்றிடம்தான்.

உங்களுக்குப் பாதகமானவற்றையும் பட்டியலில் மறைக்காமல் எழுதுங்கள். மறுபரிசோதனைக்கு வரச்சொல்லியும் போகாமல் விட்ட தேதி இருந்தால் அது எதிர்த்தரப்பின் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது.

4. இரண்டு ஆண்டுக் கெடுவை எண்ணத் தொடங்குங்கள்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்யவேண்டும். தவறவிடப்பட்ட நோயில் அந்தக் காரணம் எழுந்த நாள் எது என்பதே முதல் சண்டையாகலாம். மருத்துவர் கடைசியாகப் பார்த்த நாள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். புற்றுநோய் என்று தெரிந்த நாள் என்று நீங்கள் சொல்வீர்கள். பாதிப்பு வெளியில் தெரியாத வழக்குகளில் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்பதை 2010இல் வி.என். ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில், அறுவை சிகிச்சைக்குப் பின் 9 ஆண்டுகள் வலி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு காரணத்தைத் தேடாமல் இருந்தவரின் புகாரைக் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது. எனவே இரண்டு தேதிகளில் முந்தையதையே உங்கள் கெடுவின் தொடக்கமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாலோ, மருத்துவமனை நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவதாலோ இந்தக் கெடு நின்றுவிடாது. ‘எங்கள் குழு விசாரித்துக்கொண்டிருக்கிறது, பொறுங்கள்’ என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழியும். நியாயமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம் என்றாலும், அது ஆணையத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது.

5. மருத்துவக் கருத்தைப் பெறுங்கள்

எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் வி. கிஷண் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மலேரியா நோயாளிக்கு டைஃபாய்டு என்று சிகிச்சை அளித்த வழக்கு அது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். புற்றுநோய்த் தாமதத்தில் ‘அப்போதே கண்டுபிடித்திருந்தால் நோய் எந்த நிலையில் இருந்திருக்கும்’ என்ற கேள்விக்கு மருத்துவர் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

அதே ஊரில் எழுதித்தர யாரும் முன்வரமாட்டார்கள்; முகம் பார்த்துப் பழகுகிறவர்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்வதிலும் பயனில்லை. ஓய்வுபெற்ற அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களையும் வெளிமாநில நிபுணர்களையும் அணுகுங்கள். சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கும் புற்றுநோய் மருத்துவரை இதற்குள் இழுக்காமல் இருப்பது நோயாளிக்கு நல்லது. அவரிடமிருந்து நோயின் நிலை, சிகிச்சைத் திட்டம், செலவு ஆகியவற்றுக்கான சான்றிதழ் மட்டும் போதும்.

நிபுணரிடம் ‘இதில் தவறு இருக்கிறதா?’ என்று கேட்டால் வழுக்கலான பதில்தான் வரும். இந்த நான்கையும் எழுத்தில் கொடுங்கள்: இன்ன தேதியில், இந்த அறிகுறிகளுடன் வந்தவருக்குச் செய்திருக்கவேண்டிய பரிசோதனைகள் யாவை? செய்திருந்தால் நோய் புலப்பட்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? அப்போது அது எந்த நிலையில் இருந்திருக்கும்? அந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் சிகிச்சையிலும் பிழைக்கும் வாய்ப்பிலும் என்ன வேறுபாடு? இவற்றோடு தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வெளியிட்டுள்ள சிகிச்சை வழிகாட்டிகளிலிருந்து உரிய பக்கங்களை இணைத்தால், நிபுணரின் கருத்து தனிமனிதக் கருத்தாக நிற்காது.

6. எங்கே தாக்கல் செய்வது?

கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். காப்பீட்டு நிறுவனம் உங்கள் பாலிசியில் கட்டணத்தைச் செலுத்தியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான் என்று 1995ஆம் ஆண்டின் வி.பி. சாந்தா தீர்ப்பு சொல்கிறது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதற்குள் வராது. அங்கே உரிமையியல் நீதிமன்றமோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் வழி.

எந்த ஆணையம் என்பதில் வழக்கறிஞர்களே சிலர் இன்னும் பழைய சட்டத்தின் கணக்கில் பேசுகிறார்கள். இப்போது பார்க்கவேண்டியது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை அல்ல, அந்த மருத்துவமனைக்கு நீங்கள் செலுத்திய தொகையை. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். ஓ.பி. கட்டணமாகச் சில ஆயிரங்களே கொடுத்தவர் 60 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கீமோவுக்கு இடையில் அலைகிறவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல.

மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அது மருத்துவரை எச்சரிக்கவோ பதிவேட்டிலிருந்து நீக்கவோ முடியுமே தவிர இழப்பீடு தர முடியாது. காவல் நிலையத்துக்குப் போவது இவ்வகை வழக்கில் பெரும்பாலும் வீண். குற்றவியல் பொறுப்புக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும். மருத்துவமனையில் போய்ச் சத்தம் போடுவது, பொருளை உடைப்பது போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வழக்குப் போடவேண்டியவர் வழக்கில் சிக்கிக்கொள்வார்.

7. புகார் மனு

மருத்துவரையும் மருத்துவமனையையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். அறிக்கையில் பிழை என்றால் ஆய்வகத்தையும் சேருங்கள். ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர், வந்துபோகும் ஆலோசகர்’ என்று மருத்துவமனை கைகழுவப் பார்க்கும். 2004இல் சவிதா கார்க் வழக்கில் இந்த வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. இடையில் பார்த்த எல்லா மருத்துவரையும் சேர்த்து இழுத்தால், அவர்கள் ஒவ்வொருவரிடமும் நோட்டீஸைச் சேர்ப்பிப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

இழப்பீட்டைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் நிலையில் அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது, கதிர்வீச்சு, கீமோ, வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்தும் மலப்பை என்று விரிந்ததால் ஏற்பட்ட கூடுதல் செலவு, போன சம்பளம், உடனிருந்தவரின் வருமான இழப்பு, இனி ஆயுள் முழுவதும் வாங்கவேண்டிய பைகளின் விலை, உடல் வேதனை ஆகியவை தனித்தனி வரிகளாக, ரசீது எண்களுடன் இருக்கவேண்டும். புற்றுநோய்க்கு ஆன மொத்தச் செலவையும் கேட்டால், ‘நோயை நாங்களா உண்டாக்கினோம்?’ என்ற எதிர்க்கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

மனுவுடன் பிரமாண வாக்குமூலம், தேதிவாரிப் பட்டியல், ஆவணங்களின் நகல்கள், அடையாளச் சான்று ஆகியவை வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ருதி தளத்தின் வழியாகத் தாக்கல் செய்யலாம். நோயாளி இறந்துவிட்டால் வாரிசுகள் தாக்கல் செய்யலாம். இறப்புச் சான்றிதழுடன் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். நோயாளி தெம்பாக இருக்கும்போதே அவருடைய நிரூபண வாக்குமூலத்தை (சாட்சியமாக உறுதிமொழியுடன் எழுதித் தருவது) தாக்கல் செய்துவிடுங்கள். என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பதை நேரில் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருடைய உடல்நிலை வாய்தாக்களுக்காகக் காத்திருக்காது.

8. செலவு

தாக்கல் கட்டணம் பொருட்டே அல்ல: செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. உண்மையான செலவு நிபுணர் கருத்துக்கும் வழக்கறிஞருக்கும்தான். ‘வரும் தொகையில் இத்தனை சதவீதம்’ என்று பேசுவது வழக்கறிஞர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அப்படிக் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். அதன் உதவி எண் 15100. நுகர்வோர் உதவி எண் 1915.

9. விசாரணை நடக்கும் விதம்

புகாரை ஏற்பதா என்பதை வழக்கமாக 21 நாள்களுக்குள் முடிவுசெய்யவேண்டும். எதிர்தரப்பினர் 30 நாள்களுக்குள் பதிலுரை தரவேண்டும். கூடுதலாக 15 நாள்களே நீட்டிக்கலாம், அதற்கு மேல் ஆணையத்துக்கே அதிகாரமில்லை. 45 நாள்கள் முடிந்தபின் வரும் பதிலுரையை ஏற்கக்கூடாது என்று அன்றே ஆட்சேபியுங்கள். சட்டப் புத்தகத்தில் 3 முதல் 5 மாதங்களில் தீர்ப்பு என்று இருக்கிறது. மருத்துவ வழக்குகள் அப்படி முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆணையம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழுவிடம் கருத்துக் கேட்டு அனுப்பினால், அந்தப் பதில் வரும்வரை வாய்தா மேல் வாய்தாதான்.

நடுவில் சமரசத்துக்கு அழைப்பு வரலாம். கொடுங்காயமோ மரணமோ விளைந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை ஆணையத்தின் சமரச மையத்துக்கு அனுப்பக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஆகவே வருகிற அழைப்பு பெரும்பாலும் மருத்துவமனையின் மேலாளரிடமிருந்து நேரடியாக வரும். பில் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி நீட்டும் ரசீதில் ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கும். வழக்கறிஞர் படிக்காமல் அதில் கையெழுத்திடாதீர்கள்.

10. உத்தரவு வந்தபின்

சான்றிட்ட நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். அதில் உள்ள தேதியைப் பாருங்கள்: மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள்களே அவகாசம், தோற்றிருந்தால் உங்களுக்கும் அதே கெடுதான். மருத்துவமனை மேல்முறையீடு செய்வதானால் உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டவேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்கீழ்த் தண்டனை கோரும் மனுவும் தாக்கல் செய்யலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று உத்தரவில் குறிக்கப்பட்டிருக்கும். நிறைவேற்று மனுவில் அந்தத் தேதி முதல் கணக்கிட்ட முழுத் தொகையையும் எழுதுங்கள்.